வாப்பாவின் பெயருக்கு வந்த ஐயாயிரம்

ஊரடங்கு போட்ட மூன்றாவது வாரம் வாப்பா மவுத்தானார். நெஞ்சு வலிக்கிறது என்றவரை ஏற்றிப்போக வாகனம் தேடி நான் தெருத்தெருவாக அலைந்து வெறுங்கையோடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாகாமக் குளத்துத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து வெள்ளாமை செய்தவர் அவர். பெரும்போகத்தில் பூச்சி விழுந்து பாதிதான் தேறியது. குத்தகை நெல்லை அளந்தபின் மிஞ்சியதைத்தான் நாங்கள் சாப்பிட்டுவந்தோம்; அதுவும் தீர்ந்திருந்தது. நோய்க்காலத்துக்கு அரசாங்கம் கொடுத்த ஐயாயிரம் ரூபாவுக்கு அவரே படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தார். பட்டியலில் பெயரும் வந்திருந்தது.

அவரை அடக்கிய ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் வைத்துக் காசு கொடுத்தார்கள். வாப்பாவின் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றேன்.

“ஆள் வந்துதான் ஒப்பம் வெக்கணும், மகள்” என்றார் பட்டியலை வைத்திருந்த கிராம அலுவலரான விதானையார்.

“வாப்பா மவுத்தாகிட்டார், சேர்.”

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அப்ப இந்தப் பேர வெட்டி உம்மாட பேரப் பதியணும். அவ நேர வரணும்.”

“உம்மா இத்தா இரிக்கா.”

கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அவருக்கும் அது தெரியும்; எங்கள் ஊர்க்காரர்தான்.

“எனக்கு வெளங்குது. மேல கேட்டா நான் என்ன செல்ற?”

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். தங்கைகள் இருவரும் காலையிலிருந்து வெறும் தேத்தண்ணீரில் இருந்தார்கள். பின்னேரம் உம்மா எழுந்து மூலையில் இருந்த மூட்டையை அவிழ்த்தார். சிறுபோகத்துக்கு விதைக்க வாப்பா ஒதுக்கிய நெல். அதில் ஒரு சுளகு அள்ளி உரலில் போட்டார்.

“உம்மா, அது விதநெல்லு!”

“தெரியும்.”

குத்தக் குத்த அவர் கண்ணீர் உரலுக்குள் விழுந்தது. இனி அந்த வயலை விதைக்க ஆளுமில்லை, விதையுமில்லை என்று எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

மறுநாள் மௌலவிக்கு டெலிபோன் எடுத்தோம். தேவைக்குப் பகலில் போய்ப் பொழுதுபடுமுன் திரும்பலாம் என்றார். வாப்பாவின் தங்கை, என் மாமிதான் விடவில்லை.

“இத்தாவில இரிக்கிறவ படியிறங்கினா சனம் என்ன கதைக்கும்?”

“சனம் சோறாக்கித் தருமா, மச்சி?” என்று கேட்டுவிட்டு உம்மா முகத்தை மூடிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். நான் குடை பிடித்தேன். வரிசையில் நின்ற ஆண்கள் விலகித் திரும்பி நின்றுகொண்டார்கள். ஒரு பெண் மட்டும் எல்லோருக்கும் கேட்க, “அல்லாஹ்வே, மவுத்தாகி ஒரு கிழமகூட ஆகல்ல, பொறுக்கேலாதா?” என்றாள். பெயர் மாற்றும் படிவத்தில் உம்மா வைத்த ஒப்பம் கோடு தாண்டிப் போனது.

அன்று காசு கிடைக்கவில்லை. பெயர் மாறி வர மூன்று கிழமை ஆனது. அதற்குள் மூட்டை பாதிக்குமேல் இறங்கிவிட்டது. வயலை உடைமைக்காரர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஐயாயிரமும் வந்தபின் அரிசி வாங்க நான் சந்திக் கடைக்குப் போனேன்.

“என்ன புள்ள, வெள்ளாமக்காரன்ட ஊட்டுக்குக் கடை அரிசியா?” என்று சிரித்தார் கடைக்காரர். பிறகு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நிறுக்கத் தொடங்கினார்.