ஆரின் வெட்டரின் பல்காரை

எங்கள் லிங்கன் நகரில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஆரின் வெட்டர் பல் மருத்துவரைக் கண்டாலே நடுங்குவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி லோர்னா "ஒருதடவை போய் பல்லைக் காட்டிட்டு வாய்யா" என்று மன்றாடியும் பலனில்லை.

ஒரு நாள் மளிகைக் கடையில் ஏதோ வேடிக்கைக்கு ஆரின் வாய்விட்டுச் சிரித்தார். கல்லாவில் இருந்த மார்லிஸ் சில்லறையைக் கீழே போட்டுவிட்டாள். அவள் பல் சுத்தம் செய்யும் படிப்பில் கடைசி ஆண்டு மாணவி. உரிமம் வேண்டுமென்றால் பரீட்சைக்குத் தன் நோயாளியைத் தானே தேடிக்கொண்டு போகவேண்டும். அந்த நோயாளியின் பல்லில் காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, போதிய அளவு இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்த இடத்திலேயே தோல்விதான்.

"கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டாள். பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு அழகா இருக்கு! யார்கிட்டயும் காட்டிடாதீங்க!"

தன் வாயில் இருந்த எதையும் யாரும் அழகென்று சொல்லி ஆரின் கேட்டதில்லை. பயத்தை மறந்து, அவள் பரீட்சைக்கு நோயாளியாக வரச் சம்மதித்துவிட்டார்.

விஷயம் எப்படியோ கசிந்தது. மார்லிஸின் வகுப்புத் தோழி கிரெட்டா செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றோடு பட்டறைக்கே வந்தாள்.

"அவளுக்கு வேற ஆள் கிடைச்சிருவாங்க. நீங்க எங்கூட வந்துருங்களேன்."

"வாக்கு கொடுத்துட்டேம்மா," என்றார் ஆரின். பலகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் லோர்னாவுக்குத் தலைசுற்றியது. "நான் போன்னு கெஞ்சினப்ப போகல. இப்ப ஜூன் மாசப் பரீட்சை வரைக்கும் சுத்தம் பண்ணக் கூடாதாம்! உன் வாய் என்ன, பாதுகாக்கப்பட்ட இடமா?"

பரீட்சை நாள் வந்தது. நாற்காலிகளையும் கருவிகளையும் கண்டதும் ஆரினுக்குப் பழைய பயம் திரும்பிவிட்டது. ரத்த அழுத்தம் அனுமதித்த அளவைத் தாண்டியது. "கொஞ்ச நேரம் கழிச்சுப் பாப்போம். குறையலேன்னா சேத்துக்க முடியாது," என்றார் தேர்வாளர். மார்லிஸ் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

ஆரின், துணைக்கு வந்திருந்த மனைவியின் கையைப் பிடித்தார். "லோர்னா, வீட்டுல திட்டுவியே, அதுமாதிரி திட்டேன்."

"இங்கயா?"

"இங்கதான்."

லோர்னா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். சோபாவில் படிந்த கிரீஸ், பாதியில் நிற்கும் வேலி, அவள் அக்கா கல்யாணத்தில் அவர் தூங்கியது. காத்திருந்த மற்ற நோயாளிகள் காதைத் தீட்டினார்கள். ஆரினின் தோள்கள் தளர்ந்தன, கொட்டாவி வந்தது. மறுபடி அளந்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது.

தேர்வாளர்கள் ஒருவர்பின் ஒருவராகக் ஆரின் வாய்க்குள் கொக்கியை நுழைத்துக் காரையைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாக, "அடேயப்பா!" என்றார்.

மார்லிஸ் தேறிவிட்டாள். ஆரினுக்குத்தான் புதுத் தொல்லை. காரை அடைத்திருந்த சந்துகள் திறந்துகொண்டதால் 'ச' வரும்போதெல்லாம் விசில் வந்தது. 'சைலன்சர்' என்று அவர் சொன்னால் பக்கத்து வீட்டு நாய் ஓடிவந்தது.

அடுத்த வசந்தத்தில் தொலைபேசி அடித்தது. புதிய மாணவி ஒருத்தி.

"சார், மறுபடி வளந்துருச்சா?"

ஆரின் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்தார். "பரீட்சை எப்பம்மா?" என்று கேட்டார்.

லோர்னா தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கிவிட்டாள்.