ரூபஸ் வீட்டு நீச்சல் வரம்

எங்கள் சபையில், கர்த்தர் செய்த நன்மைகளைப் பற்றிச் சாட்சி சொல்ல யாராவது வாருங்கள் என்று பாஸ்டர் கேட்டால், அவர் வாயை மூடுவதற்குள் கொரட்டூர் ரூபஸ் மைக் பக்கத்தில் நிற்பார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். மனிதர் நல்லவர்தான். ரயில் நேரத்துக்கு வந்தாலும் சாட்சி, வராவிட்டாலும் சாட்சி. அப்படிப்பட்டவருக்குப் பெரிய விஷயமே கிடைத்தது, மகள் ரெனிதாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று.

தொட்டியில் முழுக்கி எடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் மூக்கில் தண்ணீர் ஏறி இருமும். ரெனிதா மட்டும் சாவகாசமாக மேலே வந்து சிரித்தாள். முன்வரிசை அம்மா ஒருவர், தண்ணியிலேயே பொறந்த பிள்ளை மாதிரி இருக்கு என்று சொல்லிவைத்தார். போதாதா? அடுத்த ஞாயிறே ரூபஸ், மகளுக்கு நீச்சல் வரம் கிடைத்திருக்கிறது என்று அறிவித்தார். தன் அப்பாவும் மூச்சடக்குவதில் கில்லாடி, தானும் அப்படியே என்று சேர்த்துக்கொண்டார். வரம் மேலேயிருந்து வந்ததா, ரூபஸ் குடும்பத்திலிருந்து வந்ததா என்று எங்களுக்குத்தான் கொஞ்சம் குழப்பம்.

அம்பத்தூரில் நீச்சல் கோச்சாக இருக்கும் மோகனிடம் மகளை அழைத்துப் போனார். கற்றுக்கொள்ள அல்ல, காட்டுவதற்கு. ரெனிதா அழகாக மிதந்தாள், ஆனால் நகரவில்லை. மோகன் அவள் கையில் ஒரு மிதவைப் பலகையைக் கொடுத்து, தினமும் காலையில் வந்து காலடித்துப் பழகட்டும் என்றார். ரூபஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரம் உள்ள பிள்ளைக்குப் பலகையா? பழக்கினால் இயல்பாக இருப்பதும் கெட்டுப்போகும், வரத்தைச் சந்தேகப்படுவது பாவம் என்று சொல்லி மகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ரெனிதாவுக்கோ அந்தப் பலகை பிடித்துப்போயிற்று. அம்மா ஹெலினாவிடம் போய் அழுதாள். ஹெலினா சபையில் ஒரு நாளும் மைக்கைத் தொட்டவள் இல்லை. அம்பத்தூரில் ஒரு சகோதரி வீட்டில் விடியற்காலை ஜெபம் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, தினமும் இருட்டோடு மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பையில் பைபிளுக்கு அடியில் நீச்சலுடை. ஈரத்தலையும் குளோரின் வாடையுமாகத் திரும்பும் மகளை ரூபஸ் ஏற இறங்கப் பார்த்தால், அம்பத்தூர்த் தண்ணியே அப்படித்தான் என்பாள். அவரும் தலையாட்டிவிட்டு இட்லிக்கு உட்கார்ந்துவிடுவார். மகளுடைய ஜெப வாழ்க்கையைப் பற்றிக்கூட ஒரு சாட்சி சொன்னார்.

பள்ளிக்கூடத்தின் சார்பில் மாவட்டப் போட்டிக்குப் போன ரெனிதா இரண்டாவதாக வந்து, மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள். அந்த ஞாயிறு ரூபஸை யாரால் அடக்க முடியும்? ஒரு நாள் பயிற்சி இல்லை, கோச் இல்லை, எல்லாம் வரம் என்றார். கோச்சிங் கோச்சிங் என்று பிள்ளைகளை அலைக்கழிக்கும் பெற்றோர்களுக்காகப் பரிதாபப்பட்டார். அதோடு விட்டாரா? மாநிலப் போட்டி வரைக்கும் ரெனிதா தினமும் மத்தியானம்வரை உபவாசம் இருப்பாள், காலையில் எங்கும் போகாமல் வீட்டிலேயே தன்னோடு ஜெபிப்பாள் என்றும் அறிவித்தார். நாங்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம். நமக்கென்ன, பட்டினி கிடக்கப்போவது அந்தப் பிள்ளைதானே.

ரெனிதா எழுந்து வந்து அப்பாவின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"நான் ஜெபத்துக்குப் போவல. மோகன் சார்கிட்ட நீந்தத்தான் போனேன், தெனமும். இப்ப நிறுத்துனா எல்லாம் போயிடும்பா."

ஹெலினா எழுந்து நின்று, பொய் சொன்னது நான், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றாள். பாஸ்டர் சட்டென்று பாட்டை ஆரம்பித்து எல்லாரையும் காப்பாற்றினார்.

மறுநாள் விடியலில் ரூபஸும் கூடவே போனார். மகள் தண்ணீரில் இறங்கியதும் மோகனைத் தனியே கூப்பிட்டு, என் பெண்ணுக்கு நிஜமாகவே திறமை இருக்கிறதா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டார்.

"தெறம கம்மிதான் சார். மூச்ச அடக்கி இன்னா பண்றது, நீந்தசொல்ல மூச்சு வாங்கத் தெரியணுமே. தெறம கீற பசங்கல்லாம் ஊட்ல தூங்கினு கீறானுங்க. இந்தப் பொண்ணு வந்துகினே கீது."

ரத்தத்தில் வந்தது என்றால் பாதிப் பெருமை ரூபஸுக்கு. இதில் அவருக்கு ஒரு துளி பங்குகூட இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் கரையிலேயே நின்று பார்த்தார். குளத்தின் அந்தக் கோடிவரைக்கும் போய்த் திரும்பி வந்த ரெனிதா, நிற்காமல் மறுபடியும் போனாள். அவள் மேலே ஏறியதும் துண்டை அவர்தான் நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஹெலினா ஸ்கூட்டர் சாவியை அவர் முன்னால் வைத்து, நாளையிலிருந்து மகளை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். ரூபஸ் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோ காலையில எழுந்திருக்கிறது எனக்கு இயல்பா வராதும்மா."

"எனக்கும்தான் வராது," என்றாள் ஹெலினா.