திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ரஃபீக், மேற்கு வங்கத்துக்காரர். திருமழிசையில் லேத் ஓட்டியவர். வங்கதேசத்தவர் என்று சந்தேகப்பட்டு போலீஸார் மூன்று நாள் பிடித்துவைத்து, நேற்று விட்டார்கள்.

தவறாகப் பிடித்ததாக எழுதித் தந்தால்தான் கம்பெனியில் மறுபடி சேர்ப்பார்களாம். இன்று அவரோடு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"அதான் வுட்டாச்சே வாத்தியாரே, இன்னும் இன்னா?" என்றார் ஏட்டு.

"வந்த பிள்ளைக்குத் தப்பா ஆப்சென்ட் போட்டுட்டா, அடிச்சுத் திருத்திப் பக்கத்துல நான்தான் கையெழுத்துப் போடுவேன். அதத்தான் கேக்குறேன்."

சிரித்தார். "இஸ்கூல் வேற, ஸ்டேஷன் வேற சார்."

சாயங்காலம் ரஃபீக் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்கு ரயிலேறிவிட்டார்.

வேலை முடிந்து அவர் படியேறும் சத்தம் கேட்டுத்தான் தினமும் சோறு வைப்பேன். இன்று இன்னும் வைக்கவில்லை.

மாடி காலி. திருத்தத்துக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரி யாராவது வீடு தேடினால் சொல்லுங்கள். அட்வான்ஸ் வேண்டாம்.