ஒரு வாய் தண்ணி

இதைச் சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பீர்கள். பரவாயில்லை. அந்தத் தாழ்ப்பாளை இழுத்துக் கிழிந்த என் உள்ளங்கையில் தையல் தழும்பு இன்னும் இருக்கிறது.

போன வருடம் நானும் நண்பன் அஸ்ஃபரும் ஐந்து பாட்டுகளோடு ஓர் அல்பம் செய்தோம். எழுதுவதும் பாடுவதும் நான். கிட்டாரும் ஒலிப்பதிவும் அவன். கண்டி டவுனில் ஹார்ன் சத்தம் ஓயாது. அதனால் தெல்தெனியவில், நீர்த்தேக்கத்தைப் பார்த்த ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்தோம். முன்பக்கத்தில் சொந்தக்காரர் மகேந்திரராசா தனியாக இருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

பின்னேரம். மழை விட்டிருந்தது. கடைசிப் பாட்டைப் பாடி முடித்தேன். அஸ்ஃபர் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"சர்மிளா, இன்னொரு பொம்பளட சத்தம் கேக்குது."

"எதிரொலியா இருக்கும்."

"எதிரொலி பொறகுதானே வரும்? இது ஒனக்கு முந்திப் பாடுது."

வாங்கிக் கேட்டேன். உண்மைதான். நான் பாடப்போகும் வரியை ஒரு வறண்ட குரல் முன்கூட்டியே பாடியது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம்கூடக் கேட்டது... க்ளக்... க்ளக்...

பிறகு, நான் எழுதாத ஒரு வரி.

"கதவத் தொறங்கய்யா... ஒரு வாய் தண்ணி..."

அந்த நேரம் பார்த்து மகேந்திரராசா கையில் தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தார்.

"முடிஞ்சுதோ? போடுங்கோ, கேப்பம்."

அஸ்ஃபர் தயங்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டான். அந்த வரி வந்தது. கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

"ஆர் உங்களுக்கு இதைச் சொன்னது?"

பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கினார்.

பாட்டு நிற்கவில்லை.

"இப்ப நீங்க உள்ள போங்கய்யா..."

அவர் பின்னால் நகர்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னே சாமான் அறைக் கதவு கிறீச்சென்று திறந்தது. யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதுபோல் உள்ளே விழுந்தார்.

டமார்!

வெளித்தாழ்ப்பாள்... தானாகவே விழுந்தது.

இருவரும் இழுத்தோம். அசையவில்லை. கை கிழிந்தது.

உள்ளே தட்டினார். "தண்ணி... தண்ணி தாங்கோ..."

பிறகு சுரண்டும் சத்தம்.

பிறகு அதுவும் இல்லை...

ஸ்பீக்கர் ஓய்ந்தது. தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு திறந்தது. அவர் இறந்து கிடந்தார்.

உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, செத்த வீட்டில்தான் பக்கத்து வீட்டுத் திரேசா அக்கா வாய் திறந்தார்.

"மடுல்கெல்லயில இருந்து வீரம்மான்னு ஒரு புள்ள இங்க வேலைக்கு நின்னிச்சு. பீங்கான் ஒடைச்சான்னு அந்த அறையில போட்டுப் பூட்டிட்டு, ஐயா ஊருக்குப் போயிட்டாரு. மூணு நாள் கழிச்சுத்தான் வந்தாரு. காய்ச்சல்ல செத்துட்டான்னு சொல்லிப் பொதைச்சிட்டாங்க."

பிரேதப் பரிசோதனை முடிவைக் கேட்க அஸ்ஃபர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"மாரடைப்பு இல்லயாம். ஒடம்புல தண்ணியே இல்லயாம். தாகத்துல செத்த மய்யித்தாம். டொக்டர் என்னயத்தான் கேக்குறாரு... மூணு நாளா இந்த மனிசன எங்க பூட்டி வச்சிருந்தீங்கன்னு."

அவர் அந்த அறைக்குள் இருந்தது வெறும் கால் மணி நேரம்.