அத்தாவின் டிரில் மிஷின்

ஷெல்ஃப் மாட்ட டிரில் மிஷினை அழுத்தினேன். செங்கல் தூள் வாசனை என்னைக் கூத்தாநல்லூர் வீட்டுக்கே கொண்டுபோனது.

துபாயிலிருந்து லீவில் வரும் அத்தா, கடிகாரம் மாட்டக்கூடக் கொத்தனாரைக் கூப்பிட விடமாட்டார். "அங்க நான் பாக்காத சுவரா?" என்பார். அங்கே கான்கிரீட், எங்களுடையதோ பழைய சுண்ணாம்புச் சுவர். அவர் போட்ட துளையில் என் கையே நுழையும். அம்மா குழவிக்கல்லால் சற்று மேலே ஓர் ஆணி அடித்து, துளை மறைய ஜவுளிக்கடை காலண்டரைத் தொங்கவிடுவார். அத்தா விமானம் ஏறுவதற்குள் வீடெங்கும் காலண்டர்கள்.

"எதுக்கு இத்தனை?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "அவங்க வர்ற நாளை எண்ணத்தான்" என்பார் அம்மா.

இப்போது என்னோடு இருக்கும் அம்மா, நான் போட்ட துளையை எட்டிப் பார்த்தார்.

"காலண்டர் இருக்காப்பா?"