இறுகிப்போன இடது பக்கம்

புற்றுநோய்க்காக என் இடது மார்பை எடுத்தபோதே அந்த இடத்தில் ஒரு சிலிக்கோன் பையை வைத்துத் தைத்தார்கள். சில வருடங்கள் அது இருப்பதே தெரியவில்லை. திண்டிவனத்தில் பள்ளிக்குப் போனேன், பாடம் நடத்தினேன். பிறகு மெல்ல அந்தப் பக்கம் இறுகத் தொடங்கியது. மார்கழிக் காலைகளில் அது மட்டும் உடம்போடு சேராமல் குளிர்ந்து கிடக்கும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கை பட்டால், பக்கத்தில் படுத்திருக்கும் வேறு யாரையோ தொட்டுவிட்டதுபோல் இருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. உயிர் பிழைத்தவள் அழகுக்காகப் புலம்புகிறாள் என்பார்களோ என்று பயம்.

கண்டுபிடித்தவள் என் நாத்தனார். அறுவடைக்குக் கணவரின் ஊரான முகையூர் போயிருந்தபோது, என்னோடு உட்கார்ந்து மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை உயர்த்தும்போது நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டாள்.

“இன்னா அண்ணி, வலிக்குதா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“மறைச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? வாங்க, டாக்டராண்ட காட்டிக்கினு வரலாம்.”

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை. அங்கே ஒரு பெண் டாக்டர் அழுத்திப் பார்த்தபோது, நோய்தான் திரும்பிவிட்டதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “கட்டி எதுவும் இல்லைங்க” என்றார். வெளியிலிருந்து எதை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டுமாம். சிலருக்கு, அதுவும் என்னைப்போல் கதிர்வீச்சு வாங்கிய உடம்பில், அந்த உறை தடித்துச் சுருங்கிப் பையை நெருக்குமாம். உறையோடு எடுத்துவிட்டுப் புதுப் பை வைக்கலாம், அதுவும் இறுகக்கூடும். அடிவயிற்றுச் சதையைக் கொண்டு மார்பு செய்யலாம். அது பெரிய ஆபரேஷன். எதுவும் வைக்காமலும் விடலாம்.

“அப்பிடியே உட்டா தட்டையா பூடுமே” என்ற நாத்தனார், என் முகத்தைப் பார்த்துத் தணிந்தாள். “நீங்க சொல்லுங்க அண்ணி. உங்க உடம்பு.”

“எடுத்துடுங்க டாக்டர். வேற எதுவும் வேணாம்” என்றேன். அவ்வளவு தெளிவாக நான்தான் பேசினேனா என்று எனக்கே ஆச்சரியம்.

ஆபரேஷன் அன்று மருந்து ஏறியதும், ஏரித் தண்ணீரில் மல்லாந்து மிதப்பது போலிருந்தது. மேலே மேகம் நகர்ந்தது. யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். மயக்கம் தெளிந்தபின் டாக்டர் ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். கையுறை போட்டுக்கொண்டு தொட்டேன். விரல் அமிழ்ந்தது.

“பை இப்பவும் மெத்துனுதாங்க இருக்கு. இறுகினது உங்க உடம்பு கட்டின உறை.”

எட்டிப் பார்த்த நாத்தனார், “நுங்காட்டம் கீதே!” என்றாள். சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது, கண்ணில் நீர் வந்தது. இத்தனை நாள் அந்தப் பையைத்தானே திட்டிக்கொண்டிருந்தேன். என் உடம்பு அல்லவா பயந்துபோய் அதை அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறது! கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

இப்போது கை வலியில்லாமல் உயர்கிறது. தட்டையான பக்கத்தைப் பார்த்துச் சில நாள் அழுகையும் வருகிறது. பள்ளிக்குப் போகும்போது ரவிக்கைக்குள் துணியில் தைத்த பஞ்சு ஒன்றை வைத்துக்கொள்கிறேன். முதல்முறை அதைத் துவைத்து வைத்திருந்தபோது என் கணவர் கையில் எடுத்து, “இது இன்னாது, ஊசி குத்தி வைக்கறதா?” என்று கேட்டார்.

சொன்னேன்.

ஈரப் பஞ்சை விரலால் நீவிவிட்டார். பிறகு மாடிக்குப் போய், வெயில் விழும் இடமாகப் பார்த்துக் காயவைத்தார்.