குட்டி விமானத்துக்கு வாங்கிய பம்பு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாமக்கல்லில் நாற்பது வருடம் லாரிக்குப் பாடி கட்டி, சொந்தப் பட்டறை போட்டவன். போன வருடம் முழுக்க உட்கார்ந்து, தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டும், பெட்ரோலில் பறக்கும் குட்டி விமானம் ஒன்றைச் செய்தேன். அதன் டேங்கை நிரப்பும் பம்பு வாங்க சேலம் போனேன்.

கடைக்காரப் பெண், "என்ன ஊத்துவீங்க? பெட்ரோலா, மெத்தனாலாங்க?" என்றாள்.

"இஞ்சினப் பத்தி எனக்கே பாடமா? இருக்கறதுல பெருசாக் குடு சாமி" என்று வாங்கி வந்துவிட்டேன்.

அது மெத்தனால் பம்பு. உள்ளிருந்த ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து, துணுக்குகள் டேங்குக்குள் போய் அடைத்தன. பறக்கும்போதே இஞ்சின் நின்று, விமானம் கோழிப்பண்ணைக் கூரையில் விழுந்து நொறுங்கியது.

மறுபடி அந்தக் கடைக்கே போய் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "என்ன ஊத்துவீங்க?" என்று முதலிலிருந்தே கேட்டாள்.

என்ன லோடு ஏற்றுவீர்கள் என்று கேட்காமல் நான் ஒரு லாரிக்கும் பாடி கட்டியதில்லை.

"பெட்ரோலுங்க" என்றேன்.